புரொஸ்டேட் புற்றுநோய்: மரபணுக்கள் தரும் தகவல்

புரொஸ்டேட் சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ளது. இதில் தோன்றும் புற்றுநோய் எல்லோரிடத்தும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகளாகத் தீங்கு விளைவிக்காது இருக்கும். வேறு சிலருக்கு விரைவாக வளர்ந்து எலும்புகளுக்கும் பரவும். எனவே நோயின் தன்மையை அறிந்த பின்னரே சிகிச்சை தீர்மானிக்கப்படுகிறது.

சுரப்பியிலிருந்து எடுக்கப்படும் இழைய மாதிரி நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்பட்டு, கிளீசன் முறைப்படி பொதுவாக 6 முதல் 10 வரை புள்ளி வழங்கப்படுகிறது. ஆயினும் ஒரே புள்ளி பெற்ற இருவரின் நோய் வெவ்வேறு வேகத்தில் வளரக்கூடும். அவ்வேறுபாட்டை அறிய மரபணுச் செயற்பாட்டுச் சோதனை உதவுகிறது.

மரபணு செயற்படும்போது ஆர்.என்.ஏ. எனும் மூலக்கூறு உருவாகிறது. இழைய மாதிரியில் அதன் அளவைக் கணித்தால், எந்த மரபணு மிகையாகவும் எது குறைவாகவும் செயற்படுகிறது என்பது புலப்படும். தீவிரமான புற்றுநோயில் கலப்பிரிவைத் தூண்டும் மரபணுக்கள் பொதுவாக மிகையாகச் செயற்படும். கலங்களின் ஒழுங்கைப் பேணும் சில மரபணுக்களின் செயற்பாடு குறையும். புரோலாரிஸ் சோதனை கலப்பிரிவு தொடர்பான 31 மரபணுக்களை அளவிடுகிறது. டிசைஃபர் சோதனை 22 மரபணுக்களைக் கொண்டு 0 முதல் 1 வரை புள்ளியிடுகிறது, 0.60 இற்கு மேற்பட்டால் நோய் பரவும் ஆபத்து அதிகம்.

ஆபத்துக் குறைந்தவர்கள் உடனடிச் சிகிச்சையின்றித் தொடர் கண்காணிப்பில் இருக்கலாம். சத்திரசிகிச்சையாலும் கதிர்வீச்சாலும் ஏற்படக்கூடிய சிறுநீர்க் கசிவு, பாலுறவுக் குறைபாடு போன்றவற்றை இவ்வாறு தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும். ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தாமதமற்ற சிகிச்சை அவசியம். இச்சோதனைகள் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை; தமக்குப் பொருந்துமா என்பதை நோயாளர் நிபுணரிடம் கேட்டறியலாம்.

பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் இதனின்றும் வேறானது. அது இரத்தம் அல்லது உமிழ்நீர் மூலம் அறியப்படும். பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் ஏற்படும் மாற்றம் தீவிரமான புரொஸ்டேட் புற்றுநோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கிறது. பெண்களின் மார்பக, சூலகப் புற்றுநோய்களுக்கும் அதுவே காரணமாகலாம். ஆதலால் தாய்வழி, தந்தைவழி ஆகிய இருவழி உறவினரின் நோய் விபரங்களையும் வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள், அறிகுறி இல்லாவிடினும், பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை குறித்துக் குடும்ப வைத்தியருடன் கலந்துரையாடி அதனை இலவசமாகப் பெறலாம். குடும்பத்தில் இந்நோய் இருப்பின் அதற்கு முன்னரே ஆலோசனை பெறுதல் நன்று. தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் சந்திப்பைப் பதிவு செய்யும்போதே அதனைத் தெரிவிக்க வேண்டும். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.