பெட்டியில் எழுதும் திகதி

நாள் ஒன்றே, அதனை எழுதும் முறைகளோ பல. 03/04/2024 என்பது பிரித்தானிய வழக்கில் ஏப்பிரல் 3ஆம் திகதி. ஐக்கிய அமெரிக்க வழக்கில் மார்ச் 4ஆம் திகதி. காகிதத்தில் ஐயம் எழுந்தால் எழுதியவரைக் கேட்டுத் தெளியலாம். கணினித் திரையில் எழுதுவதற்கென விடப்பட்ட பெட்டியில் இதே இலக்கங்களைப் பதிந்தாலோ, கணினி எவரையும் கேளாது தானே பொருள்கொண்டுவிடுகின்றது.

மைக்ரோசொப்ட் எக்செல் என்னும் அட்டவணை மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வழக்கமான அமைப்பில் அது 1900 சனவரி 1ஆம் நாளை 1 என வைத்து, நாட்களை எண்ணி, அவ்வெண்ணையே காத்துவைக்கின்றது. 2023 மார்ச் 15ஆம் திகதி அதற்கு 45,000 என்னும் எண்ணேயாகும். திரையில் தோன்றும் நாளும் மாதமும் ஆண்டும் அவ்வெண்ணுக்கு அணிவித்த ஆடையாம். ஆடையை எத்துணை முறை மாற்றினும் எண் மாறுவதில்லை.

எழுத்து எண்ணாக மாறும் கணத்திலேதான் இடர் விளைகின்றது. கணினி அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருப்பின், ஏப்பிரல் 3 எனக் கருதி ஒருவர் பதிந்த 03/04/2024, மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2024 என்பதோ, பதின்மூன்றாம் மாதம் இன்மையால், வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நிரலில் சில திகதிகள் பிழையாகவும், சில திகதியே அல்லாமலும் கிடக்க, மேற்பார்வைக்கு யாவும் ஒழுங்காகவே தோன்றும்.

திகதி அல்லாதனவும் இதில் அகப்பட்டதுண்டு. மார்ச்1, செப்ட்1 எனச் சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் இருந்தன. ஆய்வாளர் அவற்றைப் பதிந்தபோது, எக்செல் அவற்றை அம்மாதங்களின் முதல் நாளாக மாற்றிற்று. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் இத்தகைய பிழைகள் இருந்தமையை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. 2020இல் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றி, புதிய பெயரீட்டு விதிகள் வெளியிடப்பட்டன. தானாக மாற்றும் இயல்பை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்தது 2023இலேயே.

இதற்குப் பரிகாரம் இரு பாலாரிடமும் உண்டு. பதிபவர், 1988இல் வகுக்கப்பட்ட அனைத்துலக நியமத்தின்படி 2024-04-03 என ஆண்டை முதலிலும் நாளை ஈற்றிலும் எழுதலாம். மென்பொருள் ஆக்குவோர், பதிபவர் எழுதி முடிக்கும்வரை குறுக்கிடாதிருந்து, பெட்டியை விட்டு அகன்றதும் "3 ஏப்பிரல் 2024" என மாதத்தை எழுத்தாற் காட்டலாம். அவ்வாறு காட்டின், கணினி கொண்ட பொருளைப் பதிந்தவர் அப்பொழுதே கண்டு, பிழையாயின் திருத்திக்கொள்வார்.