பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள்

முன் சக்கரத்தில் 'கிரீச்' என்று சத்தம் வந்ததால் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "பேட் மாத்தியாச்சு சார், டிஸ்க்கும் புதுசு" என்று சொல்லி, துண்டுத்தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். கட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் அதே சத்தம். வீட்டு வாசலில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பேடில் 2 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. டிஸ்க் ஓரத்தில் விரல் தட்டும் அளவுக்கு விளிம்பு கட்டியிருந்தது. போய்க் கேட்டபோது, "பில் இருக்கா சார்?" என்றார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

அதிலிருந்து முன் பிரேக் வேலையை நானே பார்க்கிறேன். பழகினால் வரக்கூடிய வேலைதான். ஆனால் உயிர் போகக்கூடிய இடங்கள் இதில் உண்டு. வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடக்கூடாது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக் ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகே வேலை. கழற்றிய கேலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியலாம். கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பேடையும் டிஸ்க்கையும் இடம் வலம் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே ஊதாதீர்கள். கல்நார் பயன்பாடு நம் நாட்டில் இன்னும் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. மலிவான பேடில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

வேலை முடிந்ததும் நடக்கும் விபத்துதான் கொடுமையானது. புதிய பேடுக்கு இடம் விட பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். அதனால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. வண்டியை அசைக்கும் முன் பெடல் கெட்டிப்படும்வரை மிதித்துக்கொண்டே இருங்கள்.

பேட் வாங்கும் கடையிலேயே உங்கள் உரிமை தொடங்குகிறது. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி பெட்டியில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். "ஒரிஜினல்தான், பெட்டி மட்டும் இல்ல" என்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். போலி வணிகச் சின்னத்தோடு பொருள் விற்பதற்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை உண்டு. பில் தராமல் விற்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் துண்டுத்தாளோடு வந்திருக்க மாட்டேன்.

"வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்" என்ற பயம் பலருக்கு. 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எதற்கும் உங்கள் வாரண்டி புத்தகத்தை ஒருமுறை வரி விடாமல் படித்துவிடுங்கள். நீங்களே தவறாக மாட்டியதால் வந்த பழுதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஏமாற்றப்பட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது; வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 3 மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகும்.

அந்தச் சோதனைக்குப் பொருள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போதே "கழற்றின பேடையும் டிஸ்க்கையும் திருப்பிக் கொடுங்க" என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாங்கியதைத் துடைக்காமல் கவரில் போட்டு, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.