பாக்கு மட்டைத் தட்டும் அதற்கு வேண்டிய முதலும்

2019-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1-ஆம் தேதி முதல், ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உணவு கட்டும் தாள் முதலியவற்றைத் தமிழ்நாடு அரசாங்கம் தடை செய்தது. 2022-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இத்தகைய பொருள்கள் பலவற்றிற்கு இந்தியா முழுவதிலும் தடை ஏற்பட்டது. இதன் பயனாகக் கலியாணப் பந்திகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் பாக்கு மட்டைத் தட்டுக்குக் கிராக்கி உண்டாயிற்று. ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் ஆகிய பக்கங்களில் பாக்குத் தோட்டம் உடையவர்கள், அடுப்பெரித்தும் குப்பையிலிட்டும் கழித்து வந்த மட்டையைக் காசாக்கலாமென்று கடன் பெற்றேனும் இயந்திரம் வாங்க முற்படுகின்றனர். எண்ணம் நல்லதே, ஆனால் வாங்குமுன் மட்டையை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஒன்பதடிக்கு ஒன்பதடி இடைவெளியில் நட்ட தோட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 537 மரங்கள் நிற்கும். மரம் ஒன்று வருஷத்தில் ஆறு மட்டை உதிர்ப்பதாக வைத்தால் 3,200 மட்டைக்குச் சற்று மேல் கிடைக்கும். கிழிந்ததும் பூஞ்சணம் பிடித்ததுமாக மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் மிஞ்சுவது 2,100. மட்டைக்கு இரண்டு வீதம் 4,200 தட்டுகள். இயந்திரமோ, நிமிஷத்திற்கு ஒரு தட்டு வீதம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும், வருஷத்தில் 200 நாளும் ஓடினால் 96,000 தட்டு அழுத்தும். அதாவது ஓர் அச்சுக்குத் தீனியிட ஏறக்குறைய 23 ஏக்கர் தோட்டம் வேண்டும். மூன்று ஏக்கர் உடையவர் தனியே இயந்திரம் வாங்குவாராயின், வருஷத்தில் ஒரு மாதத்திற்குக் கூட அது வேலை செய்யாது. கடனுக்கு வட்டி மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும். அத்தகையோர் உலர்ந்த மட்டையை விற்பதோ, அண்டைத் தோட்டக்காரர்களுடன் கூட்டாக முதல் போடுவதோ தகும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உள்ள ஊர்களில் இது எளிது. கிராம அதிகாரிகள் தத்தம் எல்லையில் உள்ள பாக்கு ஏக்கராவைக் கணக்கிட்டுக் கொடுத்தால் பெரும் உதவியாகும்.

மட்டையைச் சேர்ப்பதிலேதான் தொழிலின் உயிர் இருக்கிறது. உதிர்ந்த மட்டை ஈர மண்ணில் கிடந்தால் கரும்பூஞ்சணம் பற்றும். அந்தக் கறையை எவ்வளவு தேய்த்தாலும் போக்க முடியாது. மழைக்கால மட்டை பெரிதும் வீணாகும் ஆதலால், வறண்ட மாதங்களில் அன்றாடம் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் அடுக்கி வைத்த மட்டையைக் கொண்டே வருஷம் முழுவதும் வேலை நடத்த வேண்டும். அழுத்துமுன் நல்ல நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நீரை வடிக்க வேண்டும். ஈரம் குறைந்தால் தட்டு வெடிக்கும். மிகுந்தால் கோணலாகும், கட்டி வைத்த இடத்திலேயே பூஞ்சணமும் காணும். பசையோ சாயமோ இதற்கு வேண்டுவதில்லை.

ஏற்றுமதியை நம்பி முதல் போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கு மட்டையிலுள்ள ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக் கூடுமென்று கூறி, இத்தட்டுகள் உணவுக்கு அனுமதிக்கப்பட்டவையல்ல என அறிவித்தது. அந்த நாட்டு வியாபாரத்தையே நம்பியிருந்தவர்களுக்கு இது பேரிடி. அந்த ஐயம் உள்ளூர்ப் பந்திக்கும் பொருந்தாதா என்று வினவுவதும் நியாயமே. வாழையிலைக்கு இந்த வழக்கும் இல்லை, இயந்திரமும் வேண்டாம். வாடுமுன் விற்க வேண்டுமென்பதே அதன் குறை.

வேளாண் துணைப்பொருள்களால் செய்த உணவுப் பாத்திரங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023-இல் ஐ.எஸ். 18267 என்னும் தரத்தை வகுத்துள்ளது. இயந்திரத்திற்கு முன்பணம் கட்டுமுன், மாதிரித் தட்டுகளை அத்தரப்படி பரிசோதித்து, வாங்குவோரிடம் விலையும் அளவும் எழுத்தில் பெறுதல் வேண்டும். தட்டு வெட்டியபின் மிஞ்சும் ஓரத் துண்டுகளைத் தோட்டத்திலேயே மரத்தடியில் பரப்பிவிடலாம்.