காசநோய்ச் சிகிச்சையும் தொலைபேசித் துணையும்

காசநோய் கண்டவர் மருந்தைத் தொடங்குவது எளிது. அதை முடிப்பதே அரிது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத காலம் நாள்தோறும் மருந்து உட்கொள்ளவேண்டும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் அடங்கிப் பசி எடுக்கிறது, உடம்பும் தேறுகிறது. ஆபத்து அப்பொழுதுதான் தொடங்குகிறது. "குணமாகிவிட்டதே, இனி மருந்து எதற்கு?" என்று சிலர் நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. வழக்கமான மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் கூடும். பாதி நெய்து தறியிலிருந்து அறுத்த சேலையை யாரும் கொள்வதில்லை. பாதியில் விட்ட சிகிச்சையும் அத்தகையதே.

இந்நோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது நமது சென்னை நகரமே. 1956-ஆம் ஆண்டில் இங்கே நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டுக் காலம் மருந்து கொடுத்து ஆராய்ந்தது. நெருக்கமான வீடு, குறைந்த உணவு ஆகியவற்றுக்கிடையிலும் வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியாயிற்று. இதற்கு மருந்து மட்டும் காரணமன்று. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

அக்கண்காணிப்பின் ஒரு பகுதியை இன்று தொலைபேசி ஏற்றிருக்கிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ தினக்கூலிக்குச் செல்பவர் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மருத்துவமனை சென்றால் அன்றைய கூலி போய்விடும். மருந்தினால் குமட்டலோ மூட்டு வலியோ கண்டால், தொலைபேசியில் கேட்டு உடனே ஆலோசனை பெறலாம். கண் மஞ்சளானாலும், பார்வை மங்கினாலும், இருமலில் இரத்தம் வந்தாலும் நேரில் செல்வதே முறை.

2015-இல் தொடங்கிய '99 டாட்ஸ்' என்னும் முறையில், மாத்திரையைப் பிதுக்கியதும் உறைக்குள் மறைந்திருந்த எண் தென்படும். நோயாளி அதற்குக் கட்டணமின்றி அழைத்தால் அன்றைய மருந்து பதிவாகும். சென்னை, வேலூர், மும்பை நகரங்களில் இம்முறையைச் சிறுநீர்ப் பரிசோதனையுடன் ஒப்பிட்டபோது, மருந்துண்டும் அழைக்காதவர்களும், அழைத்தும் உண்ணாதவர்களும் இருந்தமை தெரியவந்தது. ஆகையால் தொலைபேசி செய்தியைத் தரலாமேயன்றி மனிதரின் இடத்தை நிரப்பாது. அழைப்பு வராத நாளில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.

அம்பத்தூரையடுத்த அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் துணைநிற்க, 2022-இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பிலாத் திட்டம் தொடங்கிற்று. நோய் கண்டறிந்தவுடன் உடல் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் வலிமை ஆகியவற்றைச் சோதித்து, மிகவும் நலிந்தவரை மருத்துவமனையில் சேர்ப்பது அதன் வழி. அத்தகையோருக்குத் தொலைபேசி ஆலோசனை போதாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வீட்டில் ஒரே தொலைபேசியிருந்து, அதைப் பிள்ளைகள் பள்ளிக்கோ வேலைக்கோ எடுத்துச் செல்வார்களானால், நம்பத்தக்க அண்டை வீட்டாரின் எண்ணையும், நோயாளி சம்மதித்தால், சுகாதார ஊழியரிடம் கொடுக்கச் செய்யுங்கள். 1800-11-6666 என்னும் கட்டணமில்லா எண்ணையும், ஊட்ட உணவுக்காக அரசு 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்த்திய உதவித்தொகையையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவரது நோயை ஊரில் பரப்பாதீர்கள். வெட்கத்தினால் ஒளிபவரே மருந்தையும் எளிதில் விட்டுவிடுவர். ஒருவர்க்கொருவர் துணை என்பதே கூட்டுறவின் கொள்கை. அக்கொள்கை இந்த ஆறு மாதங்களிலும் நம் அயலார் வீட்டு வாயில்வரை செல்லட்டும்.