பழைய வேன் எஞ்சின் சூடேறுதலும் அதற்குப் பரிகாரமும்

எரு, விதைக்கிழங்கு, காய்கறி முதலியவற்றை ஏற்றிச் செல்லப் பழைய வேன்களை வாங்கி உபயோகிக்கும் விவசாயிகள் அநேகர். இவ்வண்டிகளில் அடிக்கடி நேரும் கோளாறு, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுவதாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் செல்லும் மலைப்பாதையில், எரு மூட்டைகளுடன் ஏறும் பழைய வண்டி ஆவி கக்கி வளைவோரத்தில் நின்றுவிடுவதுண்டு. இதனால் நஷ்டமாவது ஒரு நாளைய பயணம் மட்டுமன்று. அச்சூட்டுடனே மேலும் ஓட்டினால் சிலிண்டரின் தலைப்பாகம் கோணிப்போய், பெருஞ்செலவுக்கு இடமாகும்.

எரிபொருளினால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, எஞ்சினைச் சுற்றியுள்ள ஜலத்தைச் சேருகின்றது. பம்பு அந்த ஜலத்தை ரேடியேட்டருக்கு அனுப்ப, அங்கே அது காற்றுப்பட்டு ஆறித் திரும்புகின்றது. ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் அழுத்தத்தைக் காப்பதால், 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் ஜலம் கொதியாதிருக்கும். மூடி பழுதுபட்டு அழுத்தம் நில்லாவிடின், உதகமண்டலத்தின் உயரத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே வெறும் ஜலம் கொதித்துவிடும்.

சூடேறும் சமயத்தைக் கவனித்தால் காரணம் ஒருவாறு விளங்கும்.

1. சந்தையில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது ஆறினால், விசிறியையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால், சாதாரணமாய் அரை அங்குலத்திற்கு மேல் தாழலாகாது.

2. பாரத்துடன் ஏற்றத்தில் மாத்திரம் சூடேறினால், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம். வெளியே படிந்த தூசியையும் வைக்கோல் துணுக்குகளையும், எஞ்சின் பக்கமிருந்து முன்புறமாக மெல்லத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுக. உள்ளடைப்புக்குப் பெரும்பாலும் உப்புக் கிணற்று நீரே காரணம். வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதே நலம்.

3. புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே சூடேறினால், ஜலம் குறைந்திருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் திறவாதிருக்கலாம். எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டரின் மேற்குழாய் குளிர்ந்தேயிருப்பது பின்னதற்கு அடையாளம். அதனைக் கழற்றி நீரிலிட்டுக் காய்ச்சினால், அதன்மேல் பொறித்துள்ள டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். பல எஞ்சின்களில் இது 82 முதல் 88 வரை இருக்கும். திறவாவிடின் புதியது பொருத்துவதே முறை. அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது எஞ்சினின் தேய்மானத்தை அதிகப்படுத்தும்.

4. வெளியே கசிவின்றியே ஜலம் குறைந்து, எண்ணெய் பால்போல் வெளுத்து, புகைக்குழாயில் வெண்புகை நீங்காதிருப்பின், தலைப்பாகத்தின் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். வண்டியை ஓட்டாது மெக்கானிக்கிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

வழியில் சூடேறினால், வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து ஆறவிடுக. சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து; கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். குழாய்களைத் தொட்டால் கை பொறுக்கும்வரை காத்திருப்பது அவசியம். அதற்கு முன் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கவும் கூடும்.

கால்நடை வளர்ப்போர் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. கூலண்டுகளில் பெரும்பாலும் சேர்ந்துள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய விஷம். வடித்த கூலண்டைத் தொழுவத்தருகிலோ வாய்க்காலிலோ கொட்டினால் மாடுகளும் நாய்களும் அதைக் குடித்து மாண்டுபோகக்கூடும். ஆகையால் அதனை மூடியுள்ள பாத்திரத்தில் சேகரித்து, முறைப்படி அகற்றுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வாரந்தோறும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஜலத்தின் மட்டம், ரப்பர் குழாய்கள், பெல்ட், மூடி ஆகிய நான்கையும் பார்த்துவருவோர், விளைபொருளைக் காலத்தில் சந்தை சேர்ப்பதோடு வண்டியின் ஆயுளையும் நீடிக்கச் செய்வர்.