கீச்சென்று ஓர் எச்சரிக்கை

மலை இறங்கும் குடும்பத்தின் பாதுகாப்பு சில மில்லிமீட்டர் கனத்தில் இருக்கிறது. அதை மாற்ற ஒரு காலைப் பொழுது போதும்.

கோடை விடுமுறை முடிகிறது. சிம்லாவிலிருந்து கால்காவுக்கு இறங்கும் சாலையில் குடும்ப வேன்கள் வரிசை கட்டுகின்றன. கூரையில் பெட்டிகள், உள்ளே ஏழு பேர், மடியில் ஒரு குழந்தை. ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரத்திலிருந்து கீச்சொலி. ஓட்டுபவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார்.

அந்த ஒலி தற்செயலானதல்ல. பல பிரேக் பேட்களில் அதற்கென்றே மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி முறையிடும். அலட்சியம் செய்தால் அடுத்து வருவது கறமுற சத்தம்: இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். அப்போது டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

மலைச்சாலை ஈவிரக்கம் காட்டாது. சிம்லாவுக்கும் கால்காவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,400 மீட்டர். ஒன்றரை டன் எடையுள்ள வேன் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரைக் குறைத்து ஓட்டினால் அதில் ஒரு பகுதியை இன்ஜின் ஏற்கும். இல்லாவிட்டால் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான். அதிலும் பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களுக்கே அதிகப் பளு. பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் அதுவும் சூட்டில் கொதிக்கும். குமிழிகள் உண்டாகி, மிதித்த கால் பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கும்.

புதிய பேட்டில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது என்பது பொதுவான கணக்கு. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

வேலை கடினமானதல்ல. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைப்பது அவசியம். சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிபர் தெரியும். அதன் போல்ட்டைக் கழற்றித் தூக்கிப் பழைய பேட்களை எடுக்கலாம். காலிபரை ரப்பர் குழாயில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டிவைக்க வேண்டும். தூசியை ஊதுவதும் ஆபத்து: பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணி போதும். பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் வழிகிறதா என்று பார்க்க வேண்டும்; பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். பிறகு புதிய பேட்கள், போல்ட், சக்கரம்.

எல்லாம் முடிந்ததும்தான் மிகப் பெரிய தவறு காத்திருக்கிறது. பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிக்கு பிரேக் பிடிக்காது. நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். இதை மறந்து சுவரில் மோதியவர்கள் உண்டு. முதல் சில நாட்கள் மெதுவாகப் பிரேக் பிடித்துப் பேட்களைப் பழக்கவும் வேண்டும்.

கைப்பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே சரி. ஆனால் பேட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்ப்பதற்குப் படிப்பு தேவையில்லை. அதை மலை ஏறும் முன் செய்ய வேண்டும். கீச்சொலி கேட்டால் முதலில் பாட்டை நிறுத்த வேண்டும்.