சத்தியபீடத்துக்குப் போகும் பேருந்து

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். சந்திரகிரி தாண்டும்போது சண்டை ஆரம்பித்தது. கிரிக்கெட்டைப் பற்றியோ கட்சிகளைப் பற்றியோ இல்லை. காலடியில் ஒரு காசைப் போட்டு, அதை மந்திரத்தால் கீழே தள்ளி, ஒரு மனிதன் மூன்று மாடி உயரம் எழும்ப முடியுமா என்பதுதான் வழக்கு.

“முடியும்ரா. தரை தாங்குதில்ல?”

“அப்போ காத்துல வீசுன காசைத் தள்ளினா ஏன் எழும்ப மாட்டேங்கிறான்? ரெண்டும் ஒரே காசுதானே?”

தமிழில் தொடங்கிய வாக்கியம் தெலுங்கில் முடிந்தது. தெலுங்கில் வந்த கேள்விக்குத் தமிழில் பதில் போனது. சித்தூர்ப் பக்கத்தில் இது அதிசயமில்லை. 1953 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தில் இருந்த ஜில்லா அது. எனக்கு அதிசயமாக இருந்தது வேறு. இல்லாத ஒரு மந்திரத்துக்கு இரண்டு பேரும் இவ்வளவு நேர்மையாகக் கணக்குப் பார்த்தார்கள்.

அவர்கள் பேசியது அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ என்ற கதைத் தொடரைப் பற்றி. முதல் பாகம் 2006இல் வந்தது. அந்த உலகத்தில் சிலர் உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள் ‘எரிப்பார்கள்’. எஃகை எரித்தால் அக்கம்பக்கத்து உலோகத்தைத் தள்ளலாம். இரும்பை எரித்தால் இழுக்கலாம். தள்ளுவதும் தன்னைவிட்டு நேர் எதிராக மட்டும்தான்; பக்கவாட்டில் முடியாது. தள்ளப்படும் பொருள் லேசாக இருந்தால் அது பறக்கும், கனமாக இருந்தால் தள்ளுகிறவன் பறப்பான். இப்படி வரம்பு கட்டித் தந்துவிட்டால் வாசகன் சும்மா இருப்பானா? பேனாவை எடுத்துவிடுவான்.

நாமும் எடுப்போம். ஆளின் எடை 60 கிலோ, காசின் எடை ஐந்து கிராம். ஆள் காசைவிடப் பன்னிரண்டாயிரம் மடங்கு கனம். காற்றில் மிதக்கும் காசை அவன் வினாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் தள்ளிவிட்டாலும், பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். நத்தையை முந்தலாம், அவ்வளவுதான். அதே காசு தரையில் பட்டு நின்றுவிட்டால் நிலைமை மாறுகிறது. காசு இனி நகராது. அதற்குப் பின்னால் பூமி முழுதும் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அவன் தள்ளத் தள்ள, அதே அளவு விசை அவனைத் திருப்பித் தள்ளும். அது அவன் எடையைத் தாண்டினால் கால் தரையைவிட்டுக் கிளம்பும். நியூட்டன் 1687இல் அச்சிட்ட மூன்றாம் விதி இது. மந்திரவாதிக்கும் இதில் சலுகை கிடையாது.

ஆக இரண்டு பையன்களும் சொன்னது சரி. கேள்வி காசைப் பற்றியதே இல்லை, காசுக்குப் பின்னால் நிற்பது எது என்பதைப் பற்றியது. இன்னொரு கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. நானே மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். 60 கிலோவைப் பத்து மீட்டர் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? சுமார் 6,000 ஜூல். உணவுக் கணக்கில் ஒன்றரைக் கலோரிகூட இல்லை, ஒரு விள்ளல் இட்லியில் அடங்கிவிடும். எஃகை விழுங்குவதற்குப் பதில் அந்த மந்திரவாதி திருப்பதியில் டிபன் சாப்பிட்டிருக்கலாம்.

‘முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும்’ என்ற இந்த எண்ணம் பெரிய மனிதர்களையும் ஏமாற்றியிருக்கிறது. ராக்கெட் சந்திரனுக்குப் போகலாம் என்று எழுதிய ராபர்ட் கோடார்ட் என்பவரை, 1920இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் கிண்டல் செய்தார்கள். வெற்றிடத்தில் எதைத் தள்ளி ராக்கெட் முன்னேறும் என்பது அவர்களுடைய வாதம். ராக்கெட் வெளியே எதையும் தள்ள வேண்டியதில்லை. தன் வயிற்றிலிருக்கும் எரிபொருளையே வாயுவாக்கிப் பின்னால் வீசுகிறது. வீசப்பட்ட வாயு அதை முன்னே தள்ளுகிறது. காற்றில் வீசிய காசுதான் இதுவும். ஆனால் ஒரு காசு இல்லை, வினாடிக்கு வினாடி லட்சக்கணக்கான காசுகள், பயங்கர வேகத்தில். பத்திரிகை தன் பிழையைத் திருத்திக்கொண்டது 1969 ஜூலை 17 அன்று. அப்பல்லோ 11 கிளம்பி ஒரு நாள் ஆகியிருந்தது. இதே வித்தையால் ஸ்ரீஹரிகோட்டாவில் 320 டன் பிஎஸ்எல்வி எழும்புகிறது. 2022 மாவட்டப் பிரிப்புக்குப் பிறகு அந்தத் தீவு இருப்பது திருப்பதி மாவட்டத்தில். ஏவுவதற்கு முன் ராக்கெட்டின் சிறு மாதிரியை விஞ்ஞானிகள் திருமலைக்கு எடுத்துச் சென்று பெருமாள் பாதத்தில் வைப்பது வழக்கம். மூன்றாம் விதி அதற்கு ஆட்சேபம் சொன்னதில்லை.

சாண்டர்சன் 2007இல் ஒரு கட்டுரையில் தன் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டார். கதைச் சிக்கலை மந்திரத்தால் தீர்க்க வேண்டுமென்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகனுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் தீர்வு ருசிக்கும் என்பது அதன் சாரம். உலகமெங்கும் ரசிகர்கள் இதைச் ‘சாண்டர்சன் விதி’ என்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன மனக்குறை. இதற்கு ஐம்பது வருடம் முன்பே வடபழனியில் இந்த விதிப்படி ஒரு படம் எடுத்தாகிவிட்டது.

கே. வி. ரெட்டி இயக்கிய ‘மாயா பஜார்’. விஜயா நிறுவனம் 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தது. கிருஷ்ணன் என். டி. ராமராவ், கடோத்கஜன் ரங்காராவ், நாயகி சாவித்திரி. இரண்டு மொழியிலும் இவர்களே. அபிமன்யு மட்டும் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கதையின் தொடக்கத்திலேயே இரண்டு மாயப் பொருள்களைக் காட்டிவிடுகிறார்கள். ஒன்று பிரியதர்சினி என்ற பெட்டி. திறப்பவருக்கு மிக வேண்டியவர் எவரோ, அவர் அதில் தெரிவார். நாயகி திறந்தால் அபிமன்யு தெரிகிறான். கிருஷ்ணன் திறந்தால் சகுனி! சிரித்துவிட்டு யோசித்தால் விதி மீறப்படவில்லை என்பது புரியும். நடக்கப்போகும் பாரதத்துக்குக் கிருஷ்ணனுக்கு அவனைவிட வேண்டியவன் யார்? அன்புக்குரியவர் என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொண்டது நம் தப்பு.

மற்றது சத்தியபீடம். அதன் மேல் ஏறி நிற்பவர் வாயிலிருந்து உண்மை மட்டுமே வரும். அதைக் காட்டிவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நாமும் மறந்துவிடுகிறோம். கடைசியில் கல்யாணக் கலாட்டாவில் சகுனி அதன் மேல் ஏறிவிட, சூழ்ச்சி முழுவதும் அவன் வாயாலேயே கொட்டுகிறது. கொட்டகையில் அத்தனை பேரும் கைதட்டுவது சகுனி மாட்டிக்கொண்டான் என்பதற்காக மட்டுமில்லை. விதி நமக்கு முன்பே தெரிந்ததுதானே, அதை மறந்துவிட்டோமே என்ற அசட்டு மகிழ்ச்சியும் அந்தக் கைதட்டலில் உண்டு. போகிற போக்கில் இன்னொன்று. கடோத்கஜன் நாயகியின் வடிவம் எடுக்கும்போது உருவம்தான் மாறுகிறது, குணமும் மிடுக்கும் மாறுவதில்லை. சாவித்திரி ராட்சசன்போல நடப்பதெல்லாம் அந்த ஒரு விதியிலிருந்து பிறந்த நடிப்பு.

விதி என்று வந்தாலே அதில் ஓட்டை தேடும் புத்தி நமக்குப் பழையது. விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் தந்த வரம், சிம்மாசனத்தில் ஆயிரம் வருடம். தம்பி பட்டிக்குக் காளி தந்த ஆயுள் இரண்டாயிரம். மீதி ஆயிரத்துக்கு அண்ணன் இல்லாமல் என்ன செய்வது? வரத்தின் வாசகத்தை வக்கீல்போலப் படிக்கிறான் பட்டி. சிம்மாசனத்தில் இருக்கும் காலம்தானே கணக்கு? வருடத்தில் ஆறு மாதம் நாட்டில் இரு, ஆறு மாதம் காட்டில் இரு. காடாறு மாதம், நாடாறு மாதம். ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிட்டது. குடும்பத்தைப் பிரிந்து துபாயில் வேலை பார்ப்பவரைக்கூட இன்றைக்கும் இந்தச் சொல்லால் கிண்டல் பண்ணுகிறோம். அதற்குள் ஒரு கணிதத் தந்திரம் இருப்பது நினைவில் இருப்பதில்லை.

வேதாளத்தின் விதி இன்னும் கெட்டி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மரம் ஏறிவிடும். கணினி நிரல் எழுதுபவர்கள் முடிவிலாச் சுழல் என்பார்களே, அதுதான் இது. தப்ப வழியே இல்லையா? இருக்கிறது. ‘தெரிந்தும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மையிலேயே பதில் தெரியாதவனுக்குத் தலை வெடிக்காது. பழைய சமஸ்கிருதத் தொகுப்பில் கடைசிக் கதை ஓர் உறவுமுறைச் சிக்கல். ஒரு தகப்பன் ஒரு பெண்ணை மணக்கிறான், அவன் மகன் அவளுடைய தாயை மணக்கிறான். பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்குத் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். சுழல் அறுந்துபோகிறது. எல்லாம் தெரிந்த ராஜாவைக் காப்பாற்றியது தெரியாத ஒரு விஷயம். 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வுமாகத் தொடங்கிய மாதப் பத்திரிகை அந்த வாசலை அடைத்தே வைத்திருந்தது. சங்கர் வரைந்த ராஜா வருடக்கணக்காகப் பிணத்தைத் தோளில் சுமந்து நடந்தான். கதை முடிந்துவிட்டால் அடுத்த மாதம் என்ன போடுவது?

பூதலப்பட்டு தாண்டியிருந்தோம். இனிக் காணிப்பாக்கம் பிரிவு வரும். அங்கே ஒரு நிஜச் சத்தியபீடம் இருக்கிறது.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரைச் சத்தியத்தின் தெய்வம் என்பார்கள். சித்தூரிலிருந்து பதினொரு கிலோமீட்டர். அவர் கிணற்றுக்குள்ளிருந்து வந்தவர், வளர்ந்துகொண்டே இருப்பவர், பழைய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பது ஊர் நம்பிக்கை. பணத் தகராறு, திருட்டுப் பழி, சொத்துச் சண்டை எதுவானாலும், “குளத்தில் முழுகி வந்து சாமி முன்னால் சத்தியம் பண்ணு” என்று கூப்பிடுவது இந்த வட்டாரத்துப் பழக்கம். பொய்ச் சத்தியம் பண்ணினவன் தப்ப மாட்டான் என்பது விதி. குளத்தில் இறங்கும்போதே பாதிப்பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

சாமி தண்டிக்கிறாரா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, விதியை மட்டும் பாருங்கள். கடன் வாங்கவில்லை என்று ஒருவன் சாதிக்கிறான். உண்மையில் வாங்கவில்லை என்றால் சத்தியம் அவனுக்கு ஒரு முழுக்கோடு போகும் செலவு. வாங்கியிருந்து, விதியையும் நம்புகிறவனாக இருந்தால், அந்தச் சத்தியத்தின் விலை கண்ணோ காலோ குடும்பமோ. கடனைவிடப் பல மடங்கு. ஆகவே அவன் பின்வாங்குவான். தெய்வம் எதுவுமே செய்ய வேண்டாம். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பொய்யனும் மெய்யனும் தாங்களாகவே இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடுகிறார்கள். பொருளாதார அறிஞர் பீட்டர் லீசன் 2012இல் ஒரு கட்டுரையில் இதே தர்க்கத்தை வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது இடைக்கால ஐரோப்பாவின் தீச்சோதனை. அன்றைய ஹங்கேரியில் வராத் என்ற ஊர்ப் பதிவேட்டில், 1208க்கும் 1235க்கும் இடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கியவர்கள் 208 பேர். அவர்களில் 130 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுபட்டார்கள்.

இரும்பு சுடாதா? சுடும். அதனால்தான் அந்த எண் வியப்பூட்டுகிறது. சோதனைக்கு வரத் துணிந்தவர்களில் பெரும்பாலோர் நிரபராதிகள் என்பது பாதிரியாருக்குத் தெரியும், அதனால் அவர் சூட்டையும் தீர்ப்பையும் கொஞ்சம் தளர்த்தியிருப்பார் என்பது லீசனின் ஊகம். தீர்ப்பும் உடனே இல்லை. கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்துப் பிரித்து, புண் சீழ்பிடித்ததா என்று பார்ப்பார்கள். மனசுக்கு ஏற்பப் பார்க்க அதில் இடம் உண்டு. 1215இல் போப்பாண்டவர் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம் பாதிரிமார் இதில் சேரக் கூடாது என்று தடுத்தபின் வழக்கம் படிப்படியாக மங்கியது.

நம் யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் தராசு, நெருப்பு, நீர், விஷம், கோசம் என்று ஐந்து திவ்வியங்களை, அதாவது தெய்வச் சோதனைகளைச் சொல்கிறது. கோசம் என்பது தெய்வத்தை நீராட்டிய தீர்த்தத்தைக் குடித்துவிட்டு, குறித்த நாளுக்குள் கேடு வருகிறதா என்று காத்திருப்பது. காணிப்பாக்கத்து முழுக்கு இதற்குத் தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. இரும்பைவிட இது நுட்பமான ஏற்பாடு. சுட்ட கையை ஊரே பார்க்கும். நாளைக்கு வரப்போகும் கேட்டை எவரும் பொய்யென்று நிரூபிக்க முடியாது. ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. விதியை நம்பாதவன் ஒருவன் வந்து கூசாமல் சத்தியம் பண்ணினால்? மற்றவர்கள் நம்பிக்கையில் அவன் குளிர்காய்வான். அப்படிப்பட்டவர்கள் பெருகினால் பீடம் வெறும் பலகை ஆகிவிடும். மாயா பஜாரின் பீடம் சகுனி நம்பினாலும் நம்பாவிட்டாலும் வேலை செய்யும்; காணிப்பாக்கத்துக்கு எதிராளியின் பயம் வேண்டும்.

முன் இருக்கையில் வழக்கு இன்னும் முடியவில்லை. ‘முடியும்’ என்ற காசுக்காரன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். “மூணாவது புக்குல தெளிவா எழுதியிருக்குரா. நான் படிச்சேன்.”

மற்றவன் ஜன்னல் பக்கம் கையை நீட்டினான். காணிப்பாக்கத்துக்குத் திரும்பும் வளைவு தெரிந்தது. “இறங்கு. குளத்துல முழுகிட்டு, மூணாவது புக்கை முழுசாப் படிச்சேன்னு சத்தியம் பண்ணு.”

காசுக்காரன் வளைவைப் பார்த்தான். கண்டக்டரைப் பார்த்தான். பேருந்து நிற்கக்கூட இல்லை.

“பாதிதான்ரா படிச்சிருக்கேன்” என்றான்.